பெயருள்ள காலனியும் பெயரில்லாத காலனியும்: திருச்சியில் வீடு தேடிய வரலாறு

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இருக்கும் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. இரண்டையும் நாங்கள் வரவேற்கிறோம். பள்ளி மாற்றுச் சான்றிதழில், ரேஷன் அட்டையில், கூரியர் முகவரியில் ஒரு சொல்லாலேயே சாதியைச் சுமந்த பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் திருச்சிக்காரர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை தெரியும். பொன்மலையில் ரயில்வே காலனி இருக்கிறது. காஜாமலை காலனி இருக்கிறது. விமான நிலையம் போகும் பக்கம் எல்.ஐ.சி. காலனி இருக்கிறது. அங்கே வீடு வைத்திருப்பவர் தன் முகவரியைக் கூச்சமில்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். அங்கிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் லால்குடி, முசிறி, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்கள். அங்கே 'காலனி' என்றால் ஒரே பொருள்தான். முன்னால் ஒரு பெயர் ஒட்டியிருந்தால் அது அந்தஸ்து. 'காலனி' மட்டும் தனியாக நின்றால் அது சாதி.

ஒரே சொல் எப்படி இரண்டு வாழ்க்கை வாழ்ந்தது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் திருச்சியில் யார் எங்கே குடியிருந்தார்கள், யாரை எங்கே குடியிருக்க விட்டார்கள் என்ற வரலாறு முழுக்க வெளியே வந்துவிடும். வேலை கிடைத்து, திருமணமாகி, பிள்ளைகளை எந்த ஏரியாவில் வளர்ப்பது என்று யோசிக்கும் வயதுக்கு வந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஏழு மதிலுக்கு வெளியே

திருச்சியின் முதல் திட்டமிட்ட குடியிருப்பு எது என்று கேட்டால் தில்லைநகர் என்பார்கள். எங்களைக் கேட்டால் ஸ்ரீரங்கம் என்போம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. நடுவில் கோயில். அதைச் சுற்றி ஏழு திருச்சுற்றுகள். உள்ளே இருக்கும் சுற்றுகள் இறைவனுக்கு. வெளியே வர வர உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் வீதிகள் என மனிதர்கள் குடியிருக்கும் தெருக்கள். கருவறைக்கு எவ்வளவு அருகில் உன் வீடு என்பதே உன் தகுதி. இன்று மனை விற்பவர்கள் 'பேருந்து நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்று விளம்பரம் செய்வதுபோல, அன்று தூரத்தை அளக்கும் கோல் தூய்மையாக இருந்தது.

இந்த வரைபடத்தில் நம் மக்களுக்கு இடம் எங்கே? அதற்குப் பதில் வைணவ மரபே சொல்லும் கதையில் இருக்கிறது. திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர், பாணர் குலத்தில் வளர்ந்தவர். தீவில் கால் வைக்கத் தகுதியில்லை என்று காவிரியின் தென்கரையில் நின்றபடியே அரங்கனைப் பாடினார். நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் மூழ்கியிருந்தவர் காதில் அது விழவில்லை. முனிவர் கல்லை எறிந்தார், ரத்தம் வந்தது. பிறகு இறைவன் ஆணையிட, அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார். உள்ளே பத்துப் பாசுரம் பாடிய ஆழ்வார் அப்படியே அரங்கனோடு கலந்துவிட்டார்.

பக்தி மேடைகளில் இதைச் சமத்துவக் கதையாகச் சொல்வார்கள். நாம் இதை வீட்டுக் கதையாகப் படித்துப் பார்ப்போம். முதலில், அவர் பாணர் வயிற்றில் பிறந்தார் என்று சொல்லக்கூட மரபுக்கு மனமில்லை. நெல் வயலில் கண்டெடுக்கப்பட்டு பாணர் வீட்டில் வளர்ந்தார் என்கிறது. இரண்டாவது, அவர் அந்தத் தெருக்களில் நடந்து போகவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவதுதான் முக்கியம். அவர் திரும்பி வரவில்லை. இறைவனோடு கலந்துவிட்டவருக்கு உத்திர வீதியில் ஒரு வீடு தேவைப்படாது. பக்கத்து வீட்டில் பாணர் குடும்பம் குடியிருக்குமா, அவர் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு விளையாடுமா என்ற சங்கடமான கேள்வியை எழுப்பாமலேயே கதை முடிந்துவிடுகிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நவீன காலத்தில் உரிமைகள் வந்த வரிசையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் பொதுச் சாலை, தெரு, கிணறு எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் உண்டு என்று அரசாணை வந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. முதலில் தெருவில் நடக்கும் உரிமை, அடுத்து கோயிலுக்குள் போகும் உரிமை. அந்தத் தெருவில் குடியிருக்கும் உரிமை கடைசியாகத்தான் சட்டத்தில் எழுதப்பட்டது. அது 1955இல். அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

கோட்டைச் சுவர் போனது, கோடு போகவில்லை

காவிரிக்குத் தெற்கே நகரத்தின் கதை வேறு. மலைக்கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மிஞ்சியது மெயின்கார்டு கேட் வாசல்தான். தூர்த்த இடத்தில் போட்ட சாலைகளைத்தான் இன்றும் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்கிறோம். 1866இல் திருச்சி நகராட்சி வந்தது. 1871இல் ஸ்ரீரங்கத்துக்குத் தனி நகராட்சி.

நகரத்துக்குத் தெற்கே தள்ளி கண்டோன்மென்ட். பங்களா, பெரிய காம்பவுண்டு, மரங்கள், காற்று. வெள்ளைக்கார அதிகாரி நெரிசலான ஊரிலிருந்து விலகிக் குடியிருந்தார். இந்தியாவில் 'புறநகர்' என்ற ஆசைக்கு விதை இங்கேதான் போடப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு வெளியே இருப்பது இழிவு. சேரிதான் ஊருக்கு வெளியே. ஆங்கிலேயர் வந்தபிறகு ஊருக்கு வெளியே இருப்பதே கௌரவமும் ஆனது. சேரியும் பங்களாவும் ஒரே திசையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு, யார் தானாக வெளியேறினார், யார் வெளியே வைக்கப்பட்டார் என்பதுதான்.

பங்களாவுக்குச் சமையல்காரர் வேண்டும், குதிரைக்காரர் வேண்டும், கூட்டுபவர் வேண்டும். நகராட்சிக்கு மலம் அள்ளுபவர் வேண்டும். அந்த வேலைக்கு ஆள் பக்கத்திலும் இருக்க வேண்டும், கண்ணில் படவும் கூடாது. துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகள் தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றிலும் சுடுகாட்டின் ஓரத்தில், சாக்கடைக் கரையில், ஆற்றங்கரையில் அமைந்தது தற்செயல் இல்லை. நகரம் நவீனமானது. அதன் அழுக்கைச் சுமப்பவர் குடியிருக்கும் இடம் மட்டும் பழைய விதிப்படியே தேர்வானது.

பொன்மலையும் பாய்லர் பிளாண்ட்டும் திறந்த வாசல்

1928இல் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு குடியிருப்பும் எழுந்தது. நேர்நேரான தெருக்கள், எண் போட்ட வீடுகள். அதிகாரிகளுக்குப் பெரிய பங்களா, தொழிலாளிக்குச் சின்ன குவார்ட்டர்ஸ். ஏற்றத்தாழ்வு இங்கேயும் உண்டு, ஆனால் அதன் அளவுகோல் பதவி. இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. பதவி மாறலாம், பதவி உயர்வு கிடைக்கலாம். சாதியில் பதவி உயர்வு கிடையாது.

நாள் முழுக்க ஒரே பட்டறையில் நின்றவர்கள் ஒரே சங்கத்திலும் நின்றார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகிகளை ரயில்வே தொழிலாளர்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பு என்பது கூரையும் சுவரும் மட்டும் இல்லை. சேர்ந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து போராடவும் கற்றார்கள்.

அடுத்த வாசல் திருவெறும்பூரில் திறந்தது. 1965இல் பெல் நிறுவனத்தின் திருச்சி ஆலை, ஊர்க்காரர்கள் வாயில் 'பாய்லர் பிளாண்ட்'. அடுத்து நவல்பட்டில் துப்பாக்கித் தொழிற்சாலை. பெல் ஊழியர்களுக்குக் கைலாசபுரம் நகரியம் எழுந்தது. பொதுத்துறையில் இடஒதுக்கீடு இருந்ததால், கிராமத்துக் காலனியில் பிறந்த நம் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் வெல்டராக, ஃபிட்டராக, எழுத்தராக, பொறியாளராக உள்ளே போனார்கள். வீடு கேட்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பணிமூப்பும் ஊதிய நிலையும் பார்த்து குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்படும். இந்தப் பக்கம் ஓர் அய்யர் வீடு, அந்தப் பக்கம் ஒரு கள்ளர் வீடு, நடுவில் நம் வீடு. பிள்ளைகள் ஒரே பள்ளி வேனில் போனார்கள். தண்ணீர் ஒரே குழாயில் வந்தது.

அங்கே சாதி செத்துவிட்டது என்று சொல்லவில்லை. யார் வீட்டில் யார் சாப்பிடுவது, யார் வீட்டுக் கொலுவுக்கு யாருக்கு அழைப்பு என்பதிலெல்லாம் அது உயிரோடுதான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. தமிழ்நாட்டில் சாதிகள் கலந்து குடியிருந்த இடங்களைப் பட்டியல் போட்டால் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்கள்தான் வரும்: ரயில்வே குடியிருப்பு, பெல், நெய்வேலி, அரசு ஊழியர் குடியிருப்பு. வீட்டைச் சந்தை கொடுக்காமல் பொது நிறுவனம் கொடுத்த இடங்கள்.

இந்த வாசலுக்கு ஒரு காலக்கெடு இருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் கலந்து வாழ்ந்த குடும்பம் அறுபதை ஒட்டிய வயதில் முதல்முறையாக அந்தக் கேள்வியைச் சந்திக்கிறது: எங்கே மனை வாங்குவது? ஒரே பட்டறையில் வேலை பார்த்த மூவர் ஒரே ஓய்வூதியத் தொகையோடு வெளியே வருகிறார்கள். ஒருவர் ஸ்ரீரங்கம் போகிறார். இன்னொருவர் தன் சொந்தக்காரர்கள் மனை வாங்கிய காட்டூர்ப் பக்கம் போகிறார். மூன்றாமவர் புரோக்கர் முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பட்டா கிடைத்தது, இடம் மாறவில்லை

இதற்கிடையில் கிராமத்தில் என்ன நடந்தது? செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் குடிமனை பற்றிய உண்மையும் இருக்கிறது. சேரி நிற்கும் மண் மிராசுதாருடையது என்ற நிலை இருந்தால், கூலி உயர்வு கேட்டவனை மறுநாளே குடிசையோடு வெளியேற்றலாம். வீட்டடி நிலமே விலங்காக இருந்தது. காவிரிப் பாசனப் பகுதியில் பண்ணையாள் முறை அத்தனை காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிலாளர் துறை வழியாக வீட்டுமனை ஒதுக்கியது, 1971இல் வந்த குடியிருப்போருக்கு மனை உரிமை வழங்கும் சட்டம், 1974இல் தாட்கோ, 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கும் சட்டம். இவை ஒவ்வொன்றும் நம் மக்கள் போராடிப் பெற்றவை. மிராசுதாரின் பிடியிலிருந்து கால் வைக்க ஓர் அடி மண்ணை விடுவித்தவை. இவற்றைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அரசு எந்த நிலத்தை எடுத்தது? பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டிய வயலை. ஊர்த் தெருவுக்கு நடுவில் காலியாகக் கிடந்த மனையை எடுத்துக் கொடுத்தால் ஊர் கொந்தளிக்கும் என்று அதிகாரிக்குத் தெரியும். ஆகவே சேரிக்குப் பக்கத்திலேயே வரிசையாக கான்கிரீட் வீடுகள் எழுந்தன. அரசுக் கோப்பில் அதற்கு 'காலனி' என்று பெயர். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது. வரைபடத்தில் இடம் மட்டும் நகரவில்லை. ரயில்வே காலனியும் அரசு கட்டியதுதான், ஆதிதிராவிடர் காலனியும் அரசு கட்டியதுதான். ஒன்றில் அரசு சாதியைக் கேட்காமல் வீடு கொடுத்தது. மற்றொன்றில் சாதியைக் கேட்டு, அந்தச் சாதியை மட்டும் ஓரிடத்தில் வைத்து வீடு கொடுத்தது. ஒரு சொல்லின் இரண்டு வாழ்க்கைக்கு விடை இதுதான்.

சமூகவியல் வகுப்பில் ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சை மாவட்ட ஆய்வைப் படித்திருப்பீர்கள். 1960களின் தொடக்கத்தில் அவர் ஆராய்ந்த கிராமத்தில் அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று மூன்று துண்டுகள். அக்கிரகாரத்தார் படித்து நகரத்துக்குப் போனார்கள். அவர்கள் விற்ற வீடுகளையும் நிலங்களையும் பல ஊர்களில் இடைநிலைச் சாதியினர் வாங்கினார்கள். சேரி மட்டும் சேரியாகவே நின்றது.

அம்பேத்கர் இதை முன்பே பார்த்தார். கிராமம் நமக்குச் சிறை என்பது அவர் நிலைப்பாடு. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு, சாதி இந்துக்களின் ஊரைச் சாராத தனிக் கிராமங்களை அரசு அமைத்துத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஊரின் வாலாக இருப்பதைவிடத் தனி ஊராக இருப்பது மேல் என்பது அன்றைய வாதம். நேரெதிர்த் திசையில் ஒரு முயற்சி தமிழ்நாட்டில் நடந்தது. 1997இல் கலைஞர் அரசு அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடுகளில் தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, இதர வகுப்பாருக்கு 10. முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 200க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. குறைகள் ஏராளம் உண்டு. பல இடங்களில் ஊருக்கு வெளியே, வேலைக்குத் தூரத்தில் கட்டப்பட்டன. ஆனால் பக்கத்து வீட்டில் யார் என்பதை அரசே சமத்துவத்தின் பெயரால் தீர்மானித்த திட்டம் அது. நம் கேள்வி: இதை ஏன் ஊரக வளர்ச்சித் திட்டமாகவே நிறுத்தினார்கள்? மனை விலை ஏறும் மாநகரங்களின் ஓரங்களில் ஏன் ஒரு சமத்துவபுரம் எழவில்லை?

புரோக்கரின் கேள்விகள்

1994இல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் சேர்ந்து மாநகராட்சியானது. 2011இல் திருவெறும்பூர்ப் பகுதியும் சேர்ந்தது. ஒரே மாநகராட்சி, ஒரே சொத்து வரி விதி. ஆனால் 'எந்த ஏரியா?' என்ற கேள்வியின் எடை இன்றும் மாறவில்லை. தில்லைநகர் என்றால் ஒரு முகம். கே.கே. நகர் என்றால் ஒரு முகம். 'ஸ்ரீரங்கத்துல வீடு' என்றால் ஒரு மரியாதை. நம்மில் சிலர் ஏரியா பெயரைச் சொல்லாமல் 'பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல' என்று முடித்துக்கொள்வோம்.

வாடகை வீடு தேடிய தோழர்களிடம் கேளுங்கள். உரையாடல் இப்படித்தான் போகும்:

"சாருக்கு எந்தூரு?"

"லால்குடி பக்கம்ங்க."

"லால்குடின்னா எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊருக்குள்ளயா, இல்ல அந்தப் பக்கமா?"

"தப்பா நினைச்சுக்காதீங்க சார், எனக்கு ஒண்ணுமில்ல. ஹவுஸ் ஓனரம்மா கேப்பாங்க."

சாதி என்ற சொல்லே வராது. குலதெய்வம் எது, அப்பா என்ன வேலை பார்த்தார், அசைவம் சமைப்பீர்களா என்று சுற்றி வந்து மூக்கைத் தொடுவார்கள். 'சைவம் மட்டும்' என்று எழுதிய டூ லெட் பலகை ஸ்ரீரங்கத்தில் புதிதில்லை. அந்தப் பலகை சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோலத் தெரியும். கறி சாப்பிடாத தலித் குடும்பம் போய்க் கேட்டால் அது எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

அக்கிரகாரத்தை மட்டும் கைகாட்டிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அது பாதி உண்மைதான். 1989இல் உத்தப்புரத்தில் சுவர் கட்டியது அய்யர்கள் இல்லை. 2008இல் அதில் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் வந்து இடிக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் நம் பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரையும் சாதிக் கிறித்தவரையும் பிரித்த சுவர் பற்றிய சண்டை நம் காலத்தது. குடியானவர் பணத்தில் எழுந்த எத்தனையோ 'நகர்'களில் மனை விற்பனை சொந்தக்காரர் வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே விளம்பரமே வருவதில்லை. பலகை வைப்பவரைப் படம் பிடிக்கலாம். பலகையே வைக்காதவரை என்ன செய்வது?

2015இல் சுகதேவ் தோரட்டும் மற்ற ஆய்வாளர்களும் தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரை வைத்து நடத்திய ஆய்வு இதைத்தான் நிரூபித்தது. தலித், முஸ்லிம் என்று தெரிந்தால் நேரடி மறுப்பு வரும், அல்லது மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனை வரும். பணம், படிப்பு, வேலை எல்லாம் இருந்தும் இப்படித்தான்.

அமெரிக்காவில் இதே நோய் காகிதத்தில் எழுதியே இருந்தது. கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை போட்டார்கள். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும் லெவிட்டவுன் போன்ற புறநகர்கள் வெள்ளையருக்கே வீடு விற்றன. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. நம் நாட்டில் 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சங்கம் தன் உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் வைத்துக்கொள்வது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில் யார் யார் ஒதுங்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையில் இருக்கும் சட்டம்

முன்பு ஒதுக்கி வைத்த 1955க்கு வருவோம். தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவைப் படியுங்கள். கடை, கிணறு, சத்திரம் என்ற பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது. தீண்டாமையின் பேரில் இதைத் தடுத்தால் குற்றம். ஆறு மாதம் வரை சிறை. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு.

எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருக்கிறது. வீடு மறுத்ததற்காகப் புகார் கொடுத்த குடும்பத்தை நாம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏன்? வீடு தேடுபவனுக்கு ஒன்றாம் தேதிக்குள் வீடு வேண்டும். பிள்ளைக்கு ஜூன் மாதம் பள்ளி திறக்கும். வழக்கு நடத்த அவனுக்கு நேரமில்லை, அடுத்த டூ லெட் பலகையைத் தேடிப் போய்விடுவான். இதைத் தனி மனிதரின் துணிச்சலில் விட்டுவிட முடியாது. அது இயக்கத்தின் வேலை.

பிள்ளையை எங்கே வளர்ப்பது?

கடைசியாக, உங்களில் பலர் எங்களிடம் நேராகக் கேட்கும் கேள்வி. "அக்கா, காலனியை விட்டு வெளியே போறது துரோகமா?"

துரோகம் இல்லை. அரசமைப்பின் 19ஆவது கூறு இந்த நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமையை உங்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. நல்ல பள்ளி, மழையில் மூழ்காத தெரு, நள்ளிரவில் ஆட்டோ வரும் ஏரியா என்று தேடுவது எல்லாப் பெற்றோருக்கும் இயல்பு. நம்மவர் அதைத் தேடும்போது மட்டும் 'மேட்டிமை' என்று பேசுவதை நாங்கள் ஏற்பதில்லை.

ஆனால் போகும் குடும்பம் என்ன விலை கொடுக்கிறது என்பதைத் திறந்து பேச வேண்டும். எங்கள் பணியில் பார்க்கிறோம். வரவேற்பறையில் இருக்க வேண்டிய அம்பேத்கர் படம் பீரோவுக்குள் இருக்கிறது. காலனியிலிருந்து அப்பாயி வந்தால் வாசலில் உட்கார வேண்டாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி சமைத்த வீட்டில் இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுக் கோழி சமைக்கிறார்கள். பிள்ளைக்குச் சாதி தெரியக் கூடாது என்று மறைத்து வளர்க்கிறார்கள். கல்லூரியில் யாரோ ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்போது அந்தப் பிள்ளை தயாராக இல்லாமல் நிற்கிறது. சாதியை மறைக்கும் வீட்டில் தாத்தாவின் போராட்டமும் சேர்ந்து மறைந்துபோகிறது. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய ஆயுதத்தை நாமே பூட்டி வைக்கிறோம்.

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான். போங்கள், படத்தோடு போங்கள். அப்பாயியோடு போங்கள். வீடு மறுத்தால் தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், இரண்டு தோழர்களை அழைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். வாடகை வீட்டில் சாதி மறுப்பைத் தடுக்கத் தெளிவான விதிகளும் புகார்க் குழுவும் வேண்டும் என்று மாநகராட்சியிடமும் அரசிடமும் கேட்போம். நகரத்து வீட்டுவசதித் திட்டங்களில் சமத்துவபுரத்தின் கலப்பு விதியைக் கொண்டுவரச் சொல்வோம்.

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரின் வரைபடத்தை எடுங்கள். எந்தத் தெருவில் எப்போது குடிநீர்க் குழாய் வந்தது, எப்போது சாக்கடை கட்டினார்கள், பேருந்து எதுவரை வருகிறது, சுடுகாட்டுக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பட்டா நகலைப் பாருங்கள். அந்தக் காகிதத்தில் நம் சாதியின் பூகோளம் தெரியும். மனு எழுதவும் வழக்குப் போடவும் அதுவே ஆதாரம்.

வெளியே போகாமல் காலனியிலேயே இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. எல்லோராலும் போக முடியாது, எல்லோரும் போக விரும்பவும் மாட்டார்கள். அங்கே இரவுப் பாடசாலை நடக்கிறது, பறை ஒலிக்கிறது, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நூறு பேர் நிற்கிறார்கள். கே.கே. நகருக்கு வரும் அதே தண்ணீரும் அதே சாலையும் அதே நூலகமும் அங்கேயும் வந்துவிட்டால், அந்த இடத்தை விட்டுப் போவது தப்பித்தலாக இல்லாமல் ஒரு தேர்வாக மட்டும் இருக்கும்.

பலகையிலிருந்து 'காலனி' என்ற சொல் அழியட்டும், புதுப் பெயர் எழுதட்டும். புதுப் பெயர் எழுதிய மறுநாள் அங்கிருந்து ஓர் இளம் தம்பதி ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ வீடு கேட்டுப் போவார்கள். அப்போது புரோக்கர் "எந்தூரு?" என்பதற்கு அடுத்த கேள்வியைக் கேட்காமல் சாவியை எடுக்கிறாரா என்று பார்ப்போம். அரசாணை வேலை செய்ததா இல்லையா என்பதற்கு எங்கள் அளவுகோல் அதுதான்.